சாளைக் குழம்பு

எங்கள் வீட்டில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் நான் செய்வது ஒன்றுதான். மாங்காய் போட்டுச் சாளை மீன் குழம்பு வைத்து, சுடுசோற்றில் ஊற்றிக் கொடுப்பேன். அதைச் சாப்பிட்டுத் தேறாத துக்கமே கிடையாது என்று எனக்கு ஒரு திமிர்.

எதிர்வீட்டு ஜெனிட்டாவின் கணவர் சென்ற வருடம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அதன்பின் ஐந்து நாளாக அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. யார் கொடுத்தாலும் அவள் சாப்பிட மறுத்தாள் என்று கேள்விப்பட்டு, சட்டி நிறையக் குழம்போடு போனேன்.

“ஏளா, ரெண்டு வாய் தின்னு. ஒனக்காவத்தான் வச்சேன்” என்று நானே பிசைந்து நீட்டினேன்.

அவள் கோபப்படவில்லை. என் கையை மெல்ல இறக்கிவிட்டு, சட்டியை மூடினாள்.

“அக்கா, அவிய இன்னும் கடலுக்குள்ளதான கெடக்காவ. அந்தக் கடல் மீன நான் எப்படிக்கா திங்க?”

என் விரலெல்லாம் குழம்பு. இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

வீட்டுக்கு ஓடி, கஞ்சி வைத்து, தேங்காய்த் துவையல் அரைத்துக் கொண்டுபோனேன். அரை தம்ளர் குடித்தாள்.

இப்போதும் சாளைக் குழம்பு வைக்கிறேன், பிள்ளைகள் விடமாட்டார்கள். கொதி வரும்போது மட்டும், அவள் வீட்டைப் பார்த்த சன்னலைச் சாத்திவிடுகிறேன்.