நடுவில் ஒரு கோடு

என் நாட்குறிப்பில் ஜூலை மாதத் திங்கட்கிழமை ஒன்றின் கீழ் ஒரே வரிதான் இருக்கிறது: "ஹட் பே. கப்பல் இன்றும் இல்லை."

பெண்களுக்குப் பந்து விளையாட்டின் வழியே மார்பகப் புற்றுநோயைப் பற்றிச் சொல்லித்தரும் தன்னார்வலராக, பினாங்கிலிருந்து, போர்ட் பிளேருக்குத் தெற்கே இருக்கும் அந்தத் தீவு ஊருக்குப் போயிருந்தேன். ஆட்டம் எளிது. பந்துதான் கட்டி. அது கைக்கு வந்ததும், நான் விசில் ஊதுவதற்குள், மறுமுனையில் டாக்டராக நிற்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

டீக்கடை ராணியக்காதான் எல்லாரையும்விட வேகமாக ஓடுவார். நான் சொல்லித்தந்தபடி தடவிப் பார்த்து, தன் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். உள்ளூர் டாக்டர் உடனே போர்ட் பிளேர் போகச் சொன்னார். கடல் கொந்தளிப்பால் கப்பல்கள் நின்றிருந்தன.

அந்தத் திங்களன்று பந்து அவர் கைக்கு வந்தது. அவர் ஓடவில்லை. மைதானத்தின் குறுக்கே செருப்புக்காலால் ஒரு கோடு கிழித்தார்.

"டீச்சர், உங்க கேம்ல கடலையே விட்டுட்டீங்களே! இப்ப ஊதுங்க விசில, பாப்போம்."

"ஜஹாஸ் பந்த்!" என்று, கப்பல் ஓடாத நாட்களில் துறைமுகத்தில் சொல்வதுபோல் இந்தியில் யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பந்தை மட்டும் அவர் கீழே வைக்கவில்லை. நான் விசிலை ஊதாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒருவழியாகக் கப்பல் வந்தது. இருவரும் ஒன்றாகவே போனோம். போர்ட் பிளேரில் சோதித்துவிட்டு, சிகிச்சைக்கு மறுபடியும் கடல் தாண்டி மெயின்லேண்ட் போகச் சொன்னார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

"இன்னொரு கோடு, டீச்சர்."

அதன்பின் நான் ஊர் திரும்பிவிட்டேன். அவர் சென்னைக்குப் போனதாக ஒருவரும், எங்கும் போகாமல் கடையிலேயே இருப்பதாக இன்னொருவரும் சொன்னார்கள். எது உண்மையென்று இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.