படுகளத்தில் ரோமாபுரி

ரோமப் பேரரசு எப்படி விழுந்தது என்று படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஏரியூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் கடலையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். அதிலிருந்து வந்து முதுகலை வரலாறு முடித்து, சேலத்தில் முனைவர் பட்டத்துக்கும் விண்ணப்பித்துவிட்டேன். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இருந்தது ஒரே இடம். கிடைத்தால் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் ஒத்துக்கொண்டிருந்தேன். நான் கொடுத்திருந்த தலைப்பு, ரோமின் வீழ்ச்சியும் இன்றைய அமெரிக்காவும்.

ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் ரோம், மறுபக்கம் அமெரிக்கா என்று எழுதினேன். அங்கே எல்லையெங்கும் படை, இங்கே கடல் கடந்தும் ராணுவ முகாம்கள். அங்கே காசில் வெள்ளியைக் குறைத்தார்கள், இங்கே கடனை ஏற்றுகிறார்கள். அங்கே மக்களை அரங்கத்தில் உட்கார வைத்து வேடிக்கை காட்டினார்கள், இங்கே திரையில். ஒவ்வொரு வரியும் பொருந்தப் பொருந்த எனக்குக் கை பரபரத்தது. பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்றே நம்பினேன்.

முதலில் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் லாரி ஓட்டுகிறவர். எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆனால் போனில் பேசியே வீடியோ தேடிவிடுவார். அமெரிக்கா சீக்கிரம் கவிழப்போகிறது என்று யார் சொன்னாலும் கடைசிவரை கேட்பார்.

"அப்புடிப் போடு கண்ணு! நானு எத்தன வருசமாச் சொல்றேன், அமெரிக்கா அவுட்டுன்னு. இந்த வூட்டுல எவனாச்சும் கேட்டீங்களா?"

"அவுட்டுன்னு நான் சொல்லலைங்க சித்தப்பா. ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்குதுன்னுதான்..."

"எல்லாம் ஒண்ணுதான். எழுதிக்க. அங்க எவனும் அப்பன் ஆத்தாளப் பாக்கறதில்ல. ரோமுல?"

"அது தெரியலைங்க."

"பாத்திருக்க மாட்டான். எழுதிக்க. அப்புறம் டோலு. ரோட்டுக்கு ரோடு டோல் போட்ட ராஜாங்கம் எது நின்னுருக்குது?"

கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை நிறுத்தினார். "நேத்து டோல்ல கட்டுன கடுப்ப உஞ்சித்தப்பன் அமெரிக்காக்காரன் தலையில எறக்கறாரு. அதையும் எழுது."

சிரித்துக்கொண்டே எழுதினேன். எழுதிப் பார்த்தால் டோலும் பொருந்தியது! ரோமிலும் சாலையில், பாலத்தில் சுங்கம் வாங்கியிருக்கிறார்கள். அங்கேதான் பேனாவைக் கீழே வைத்தேன். எதைச் சொன்னாலும் பொருந்துகிற அட்டவணையால் என்ன பயன்? நான் படித்த புத்தகங்களிலும், வரியை வெறுத்தவர்கள் ரோம் வரியால் விழுந்தது என்று எழுதியிருந்தார்கள். வெளியூர்க்காரர்களை வெறுத்தவர்கள் வெளியூர்க்காரர்களால் என்றார்கள். அவரவர் மனக்குறையைத்தான் ரோமின் மேல் ஏற்றியிருந்தார்கள். நான் செய்ததும் அதுவே. நேர்காணலுக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அந்த ஒரு நாளில்தான் எங்கள் அம்மன் கோவில் திருவிழாவின் படுகளம், கூத்தில் ராஜா போரில் அடிபட்டு விழுகிற கடைசி நாள், வந்தது.

கோவில் மைதானத்தில் களிமண் ராஜா மல்லாந்து கிடந்தார். லாரியைவிட நீளம். விரித்த கைகள், முறைக்கும் கண்கள், முறுக்கிய மீசை, தலையில் கிரீடம். கூத்தில் ராஜா வேடம் கட்டியவர் சாயம் கலையாமல் அந்த மண்ணுடம்பின் மேல் ஏறி நின்று சவால் விட்டார். எதிரி வேடம் கட்டிய கதாயுதக்காரர் துரத்தினார். இருவரும் கூட்டத்துக்குள் புகுந்து ஓட, பிள்ளைகள் அலறின. மேளம் காதைப் பிளந்தது. கடைசியில் மண் தொடையில் ஓங்கி ஓர் அடி. சிவப்புச் சாயம் பீறிட்டது.

"பாத்தியா கண்ணு, அமெரிக்கா!" என்று கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா கத்தினார்.

ராஜாவின் தாயாக வேடமிட்டவர் தலைமுடியை விரித்துப் போட்டு மண் மார்பில் விழுந்து ஒப்பாரி வைத்தார். அவர் அழ ஆரம்பித்ததும் கூட்டம் கூடையும் கையுமாக உள்ளே பாய்ந்தது. அந்த மண்ணைக் கொண்டுபோய்க் காட்டில் தூவினால் வெள்ளாமை நன்றாக வரும் என்பது ஊர் நம்பிக்கை.

"ஏண்டி நின்னு வேடிக்க பாக்கற? தொடப் பக்கம் போ! நல்ல மண்ணயெல்லாம் பக்கத்து வூட்டுக்காரங்க அள்ளறாங்க பாரு!" அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

நானும் குனிந்து அள்ளினேன். ஒருத்தர் மீசையைப் பெயர்த்துக்கொண்டு ஓடினார். ஒரு அக்கா கிரீடத்தில் பாதியை முந்தானையில் கட்டினாள். ஒருவர் மாட்டுக் கொட்டாய்க்கு என்றார், ஒருவர் விதைக்குதிருக்கு என்றார். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் மைதானத்தில் ஈரத்தடம் மட்டும் இருந்தது. ராஜா செத்துவிட்டார் என்று யாரும் பேசவில்லை. "உங்களுக்கு என்ன கெடச்சிது?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

முழங்கை வரை சேற்றோடு நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரோமிலும் இதுதானே நடந்தது! அரங்கத்தின் கல்லைப் பெயர்த்து வீடு கட்டினார்கள். சலவைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பழைய கோவில் தூணை வேறு சாமியின் கோவிலில் நட்டார்கள். அவர்கள் மொழியை ஊருக்கு ஒரு துண்டாகப் பிய்த்து இன்றுவரை பேசுகிறார்கள். என் அட்டவணை முழுக்க அடித்தது யார், எந்த இடத்தில் அடித்தார்கள் என்பதைப் பற்றியே இருந்தது. கூடையோடு வந்தவர்களை நான் பார்க்கவே இல்லை. அமெரிக்கா விழும் முன்னாலேயே ஆட்கள் கூடையோடு நிற்கிறார்கள். அது கவிழப்போகிறது என்ற வீடியோவைச் சித்தப்பா பார்ப்பதே அமெரிக்காக்காரன் செய்து கொடுத்த செயலியில்தான்.

வீட்டுக்கு ஓடி அட்டவணையைக் கிழித்துப்போட்டு, மீதிப் பகல் முழுவதும் புதிதாக எழுதினேன்.

சேலத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் படுகளத்தை வைத்தே சொன்னேன். தலைவர் ரசித்துத் தலையாட்டினார். ஓரத்தில் இருந்த பேராசிரியை மட்டும் முகம் மாறவில்லை.

"அள்ளிட்டுப் போனவங்க சந்தோஷத்தை மட்டும் சொல்றீங்க. ரோமானியர் போனப்புறம் பிரிட்டன்ல ஓட்டு வீடு போய்க் கூரை வீடு வந்தது. சக்கரத்துல வனைஞ்ச பானை போய்க் கையில பிடிச்ச பானை வந்தது. சாதாரண ஜனங்க ஏழையானாங்க. அதை உங்க கூடையில எங்க வைப்பீங்க?"

காது சூடானது. தயாரித்து வந்த தமிழ் காணாமல் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"எங்க படுகளத்துல ஒப்பாரியும் இருக்குதுங்க மேடம். ராஜாவோட அம்மா அந்த மண்ணு மேலயே உழுந்து அழுவறப்பத்தான் நாங்க சுத்தி நின்னு அள்ளறோம். அழுதது யாரு, அள்ளுனது யாரு, அழுதுகிட்டே அள்ளுனது யாருன்னு தேடணுங்க. நான் அதத்தான் செய்யப்போறேன்."

"சரி. அமெரிக்கா இன்னும் நின்னுகிட்டுத்தானே இருக்கு? அதை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

"எங்க ராஜாவச் செய்யறப்பவே படுத்த மாதிரிதாங்க செய்வாங்க. நின்ன ராஜாவ எங்கூர்ல யாரும் பாத்ததில்ல. ரோமோட ஒப்பிடறவங்களும் அமெரிக்காவப் படுத்த மாதிரியே செஞ்சு வெச்சுட்டு, அப்புறம் அடிக்கறாங்க. அந்த ஒப்பீட்டுல இருக்கற தப்பயும் எழுதணுங்க."

அவர் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். "தலைப்புல இருந்து அமெரிக்காவை எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேங்க மேடம். கடைசி அத்தியாயமா வெக்கறேன்."

"சண்டை போடறீங்க."

"ஆமாங்க."

என் வாழ்க்கையில் என் படிப்போடு யாரும் சண்டை போட்டதில்லை. பாராட்டியிருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள். சரிக்குச் சரி நின்று தப்பு என்று சொன்னது இவர்தான். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியை பேனாவை மூடினார். "மீதியை என் அறையில பேசுவோம். நீங்க சேர்ந்ததுக்கு அப்புறம்."

கடைசி மூன்று சொற்கள் எனக்கு வெளியே வந்து படியிறங்கும்போதுதான் உறைத்தன. அங்கேயே நின்று அம்மாவை அழைத்தேன்.

"எடம் கெடச்சிருச்சும்மா!"

"நெசமாவா? எத்தன வருசம் படிக்கணும்?"

"நாலஞ்சு வருசம் ஆவும்."

"அந்த ரோமு உழறதுக்கு எத்தன வருசமாச்சு?"

"அதுக்கு நூத்துக்கணக்குலம்மா."

"அப்பச் சீக்கிரந்தான். படி."