ஜிபியை எம்பியாக்கும் கடை

பெல்மதுளையில் போன், ஸ்கேன், இணையம் எல்லாம் பார்க்கிற கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும், நம் கவுண்டருக்கு யாரும் நிதானமாக வருவதில்லை.

மிச்சம் எங்கே?

மாணிக்கக் கல் வியாபாரி ஹாஜியார் முப்பத்திரண்டு ஜிபி மெமரி கார்டு ஒன்று வாங்கிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, கடை நிறைய ஆட்கள் நிற்க, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இருபத்தொம்பதுதான் காட்டுது. மிச்சத்த யாரு எடுத்த?"

நின்றவர்கள் தங்கள் கார்டுகளையும் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். கார்டு செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், போன் ஆயிரத்து இருபத்துநான்கால் எண்ணுகிறது, இடம் ஒன்றுதான் என்று வகுத்துக் காட்டினேன். புதுக் கார்டு ஒன்றின் உறையைப் பிரித்து அவர் போனில் போட்டேன். அதிலும் இருபத்தொன்பதுதான். ஹாஜியார் குரலை மட்டும் தாழ்த்தினார்: "கல்லு யாவாரத்துல இப்படி ரெண்டு கணக்கு வச்சா, ஜங்ஷன்லயே கட்டி வச்சி அடிப்பாங்க தங்கச்சி."

ஒன்றுக்கும் குறைவு

தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க தேயிலைத் தோட்டத்திலிருந்து ராஜேஸ்வரி வந்தாள். கடைசி நாள், நாலு மணிக்கு இணையதளம் மூடிவிடும். வெளியே இடியோடு மழை. சான்றிதழை அனுப்ப அனுப்பத் திரும்பி வந்தது. ஐந்நூறு கேபிக்கு மேல் ஏற்க மாட்டார்களாம். ஃபைல் 0.9 எம்பி.

"ஒண்ணு கூட இல்லையேக்கா, ஐநூறுக்கு எவ்வளவோ கொறவுதானே?" என்றாள்.

அது தொள்ளாயிரம் கேபிக்கும் மேலே என்றதும் முகம் வெளுத்துப்போனது. சுருக்கினேன், எழுத்து கலங்கிப் பெயரே தெரியவில்லை. கலரை விட்டுக் கறுப்பு வெள்ளையில் மறுபடி ஸ்கேன் செய்தேன். அளவு சரியாக வந்தது. அனுப்பும் பொத்தானை அமுக்கினேன், கடை இருண்டது. "கரண்ட் போயிருச்சு" என்றேன். அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "கரண்ட்ட யாரு கேட்டா, என் சர்டிபிகேட் போயிருச்சான்னு சொல்லுங்க!"

போயிருந்தது. கிடைத்ததாக அவள் போனுக்குச் செய்தி வந்த பிறகுதான் அது தெரிந்தது.

வெட்ட முடியாத வீடியோ

றக்வான மலைப்பக்கத் தோட்டத்துச் செல்வம் நனைந்தபடி வந்தார். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. மேலே சிக்னல் இல்லை. வாகனப் பாதை அடைபட்டதால், மண்சரிவு மாதிரி ஆபத்துகளைப் பார்க்கும் அனர்த்தப் பிரிவு அதிகாரியும் வர முடியவில்லை. வெடிப்பை வீடியோ எடுத்துக்கொண்டு நடந்தே இறங்கிய செல்வம் போன் பண்ணியபோது, அதை உடனே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருந்தார்.

வீடியோ 1.2 ஜிபி. மின்னஞ்சலில் இருபத்தைந்து எம்பிதான் போகும். ஐம்பது துண்டாக்க வேண்டும், அதற்கு நேரமில்லை, கொஞ்சத்தை வெட்டி அனுப்புவோம் என்றேன்.

"எதை வெட்டுவீங்க? பொண்டாட்டி புள்ளைங்க இன்னும் அங்கதான் இருக்காங்க" என்று மேசையில் அடித்தார்.

முழுவதையும் ஓட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில் வெடிப்புக்குள் அவர் கை தோள்வரை இறங்கியது. அதை மட்டும் வெட்டி எடுத்து, சுருக்கி அனுப்பினேன். செல்வத்தின் போன் மணியடித்தது. அதிகாரி சிங்களத்தில் பேசினார்: எல்லாரையும் இப்பவே வெளியே எடு. நன்றிகூடச் சொல்லாமல் செல்வம் ஓடினார்.

அன்றைக்கே லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்தில் தங்கப் போய்விட்டார்கள். மறுநாள் காலை மண் வந்து லயத்தின் கடைசி மூன்று காம்பரா வீடுகளையும் மூடியது. உயிர்ச்சேதம் இல்லை. மழை விட்ட பிறகு செல்வம் வந்து, என் கம்பியூட்டரைக் காட்டிச் சொன்னார்: "அந்த முழு வீடியோவ அழிச்சிராதீங்க. எங்க வீடு இனி அதுலதான் இருக்கு."

நான் நிழலில் உட்கார்ந்து பார்க்கிற சுகமான வேலை செய்வதாக வீட்டில் இன்னமும் நம்புகிறார்கள்.