கோழித் திருடி கடை

எங்கள் ஊர் உமுவோராவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் கோழித் திருடி கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடைக்காரியை அகுதியா என்று சொந்தப் பெயரால் கூப்பிடுவது பாதிரியார் ஒருவர்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் அவரும் கோழித் திருடி கடையில்தான் மிளகு சூப்பு குடித்தார்.

பெயர் வந்த கதை ஊரறிந்தது. அகுதியாவுக்கு மகள் ஒலாச்சி பிறந்திருந்த சமயம். பிள்ளை பெற்றவளுக்குக் காரசாரமாகச் சூப்பு வைத்துக் கொடுத்தால்தான் பால் ஊறும். புருஷன் செத்துப்போன வீட்டில் யார் வைத்துக் கொடுப்பது? புருஷன் வீட்டார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அகுதியா, ஊரில் வசதியான அனோசிக்கேயின் முற்றத்தில் மேய்ந்த கோழி ஒன்றைத் தூக்கிவந்துவிட்டாள். இறகு பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே பிடித்துவிட்டார்கள். சூப்பு வாயில் படவே இல்லை.

பாதி இறகு போன அந்தக் கோழியைக் கயிற்றில் கட்டி அவள் கழுத்தில் தொங்கவிட்டார்கள். முகத்தில் சாம்பலைப் பூசினார்கள். சந்தை நாளாகப் பார்த்து, அனோசிக்கேயின் வாசலிலிருந்து கிளப்பி, சந்தை முழுக்க நடத்திக் கூட்டிப்போனார்கள். முன்னால் தண்டோரா போடும் உபானி இரும்பு மணியைத் தட்டிக்கொண்டு போனான். பின்னால் ஊரே பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு வந்தது.

அப்படி நடந்தவர்கள் எங்கள் ஊரில் தங்கியதில்லை. மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆபா பட்டணத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அகுதியா ஏறவில்லை. அடுத்த சந்தை நாளன்று, தான் நடந்த அதே பாதையோரத்தில், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டினாள். கோழித் திருடி என்று கத்தினார்கள். ஆமாம், உங்களுக்கு என்ன வேண்டும், சூப்பா கிழங்கா என்று கேட்டாள். கத்த வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பசி. அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் நியாயம் நேரானது. செய்தது தப்பு. அதற்கு ஊர் கொடுத்த தண்டனையைக் கழுத்தில் சுமந்து நடந்தாயிற்று. அதற்கு மேல் ஓர் அடி நடக்கவும் அவள் தயாரில்லை. யாராவது பரிந்துகொண்டு, பாவம், பச்சை உடம்புக்காரி என்று ஆரம்பித்தால்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இன்னொரு கோபமும் உண்டு. அது எனக்கும் உண்டு. அனோசிக்கே பிறகு ஊர்ச் சங்கத் தலைவரானார். பள்ளிக்கூடக் கூரைக்கு வந்திறங்கிய தகரம் அத்தனையும் அவர் பொறுப்பில் இருந்தபோது மாயமாகிவிட்டது. பெரியவர்கள் அவர் வீட்டிலேயே கூடி, அவர் ஊற்றிய பனங்கள்ளைக் குடித்து, பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அவர் கழுத்தில் யாரும் எதையும் கட்டவில்லை. உபானியை யாரும் கூப்பிடவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைகள் இன்றைக்கும் நனைந்துகொண்டுதான் படிக்கிறார்கள்.

ஒலாச்சி வளர்ந்து ஆபாவில் தையல் கடை போட்டாள். பக்கத்துச் செருப்புப் பட்டறையில் இருந்த இக்கேதிக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. இனி வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணின் ஊருக்கு வந்து விசாரிப்பார்கள். குடும்பத்தில் பைத்தியம் உண்டா, தொழுநோய் உண்டா, திருட்டு உண்டா? முதல் இரண்டையும்கூடச் சில வீட்டார் மன்னிப்பார்கள். திருட்டு ரத்தத்தில் ஓடுமாம், அதை மன்னிக்க மாட்டார்கள்.

அவர்கள் வந்து போகிறவரை கடையை மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டிரு என்று ஒலாச்சி கெஞ்சினாள். கடையை மூட மாட்டேன், வாயை நானாகத் திறக்க மாட்டேன், கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றாள் அகுதியா. ஆனால் சந்தைப் பெண்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். யார் வந்து கேட்டாலும் ஒலாச்சியின் அம்மா தங்கம் என்று ஒரே மாதிரி சொல்வது என்று ஏற்பாடு. இத்தனை வருஷமாகத் திருடி என்று கூப்பிட்ட அதே வாய்கள்தான்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவும் அத்தையும் வந்தார்கள். மூன்று வீட்டில் கேட்டார்கள். மூன்று வீட்டிலும் தங்கம். கிளம்பும்போது பசி எடுக்கவே, இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று வாடகை பைக் ஓட்டுகிறவனிடம் கேட்டிருக்கிறார்கள். அவன் ஏற்பாடெல்லாம் தெரிந்தவன்தான். ஆனால் பழகிய நாக்கு. கோழித் திருடி கடைக்குப் போங்க என்று சொல்லி, தானே கொண்டுவந்து இறக்கியும் விட்டான்.

சாப்பிட்டு முடிக்கப்போகும் நேரத்தில் அத்தைக்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"சூப்பு பிரமாதம். இவ்வளவு நல்லா சமைக்கிறவங்க கடைக்கு ஏங்க இப்படி ஒரு பேரு?"

பக்கத்துக் கீரைக்காரி தொண்டையைச் செருமினாள். சும்மா கேலிக்கு வைத்த பேர் என்று சொன்னால் முடிந்தது. அகுதியாவுக்கு மகளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த ஊர்ல ஒருத்தி கோழி திருடினா. கோழிய அவ கழுத்துலயே கட்டி, மணியடிச்சு சந்தையெல்லாம் நடத்துனாங்க. அது நான்தான். நீங்க விசாரிக்க வந்த ஒலாச்சி என் மக."

"நாங்க விசாரிக்க வந்தோம்னு யாரு சொன்னா?" என்றார் பெரியப்பா.

"இஸ்திரி போட்ட சட்டையோட இந்த ஊருக்கு வேற யாருண்ணே வருவா?"

"மூணு வீட்ல அந்தம்மா தங்கம்னு சொன்னாங்களே."

"பொய். பாசத்துல சொல்லியிருப்பாங்க. என் தப்ப மறைக்க அவங்க யாரு? அதுக்கு வெல கொடுத்தவ நானு."

ஏன் திருடினாய் என்று அவர் கேட்டார். கீரைக்காரி பச்சை உடம்பு என்று வாயெடுத்தாள். அகுதியா திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனாள். கோழி வேணும்னு இருந்தது, எடுத்தேன் என்றாள் அகுதியா. அத்தைக்காரி தட்டைப் பார்த்தாள்.

"அப்போ இந்தக் கோழி?"

"காசு கொடுத்து வாங்குனதுதான் அக்கா. அன்னிக்கிலேருந்து எந்தக் கோழியையும் நாலு பேரு பாக்கத்தான் வாங்குறேன்."

பெரியப்பா கை கழுவி, சாப்பாட்டுக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார். அத்தைக்காரி மிச்சமிருந்த துண்டையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஒலாச்சி வந்து அழுத அழுகையைக் கேட்க முடியவில்லை. உனக்கு உன் வீறாப்புதான் பெரிது என்றாள். அகுதியாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே உடைத்துவிட்டோமோ என்று பயந்துதான் போனாள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"மறைச்சுக் கட்டிக்கொடுத்தா அந்த வீட்ல நீ தெனமும் கழுத்துல கோழியோட நடக்கணும்டி. ஒரு நாள் நடந்தவ சொல்றேன், அது ரொம்பக் கனம்."

ஒலாச்சி ஆபாவுக்குத் திரும்பிப் போனாள். ஊரும் அகுதியாவிடம் முகம் கொடுக்கவில்லை. கஷ்டப்பட்டுச் சொன்ன பொய் வீணாகிவிட்டதே.

மழைக்கு முந்திய சந்தை நாளில் பெரியப்பா வந்தார். பின்னால் பெண் கேட்கும் வழக்கப்படி கள்ளுக்குடம் தூக்கிய ஆட்கள், இக்கேதி, ஒலாச்சி. பெரியப்பா கையில் கயிற்றில் கட்டிய உயிர்க்கோழி ஒன்று. ஒரே மாதிரி புகழ்ந்த மூன்று வீட்டையும் அப்போதே நம்பவில்லை என்றார்.

"எங்க வீட்லயும் தோண்டினா ரெண்டு கோழி கெடைக்கும்மா. சொல்லத்தான் ஆளில்ல. உங்க வீட்ல ஆள் இருக்கு. இந்தா, இது திருடுனது இல்ல."

அகுதியா கோழியை வாங்கினாள். கயிற்றோடு தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். உபானியைத் தேடிப்பிடித்து, மணியை எடுத்துவரச் சொன்னாள். துருப்பிடித்துக் கிடக்கிறது என்று அவன் இழுத்தான். துருவோடு அடி என்றாள்.

அன்றைக்கு நடந்த அதே பாதை, இந்த முறை தலைகீழாக. சந்தையில் தொடங்கி, ஆடிக்கொண்டே போனாள். கோழி இறக்கையை அடித்துக்கொண்டது. கீரைக்காரிதான் முதலில் பாட்டெடுத்தாள், அந்தப் பழைய பாட்டையே. அனோசிக்கேயின் பெரிய இரும்புக் கதவுக்கு முன்னால் வந்ததும் உபானியின் கை தயங்கியது. நிறுத்தாதே என்றாள் அகுதியா.

கோழியை அவிழ்த்து மகள் கையில் கொடுத்தாள். வெறுங்கயிற்றைக் கதவுக் கம்பியில் மாட்டினாள்.

"தலைவரே, உங்க கயிறு திரும்பி வந்துருச்சு. பள்ளிக்கூடத் தகரம் எப்ப வரும்?"

உள்ளே ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை.

கயிறு இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அதை அவிழ்க்க வேண்டியவர் பின்வாசல் வழியாகப் போய்வருகிறார்.