பையர் கொண்டுவந்த நீளப் பெட்டி

இன்று காலை எங்கள் பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்த வெள்ளைக்கார பையர், தோளில் ஒரு நீளப் பெட்டியையும் மாட்டி வந்தார்.

காரிலேயே வைக்கச் சொன்னோம். மாட்டேன் என்றார்.

மேனேஜர் என்னைத் தனியே இழுத்தார். "ஏனுங்க, தூசி அளக்கற மெஷினாத்தானுங்க இருக்கும். சொல்லாமக் கொள்ளாம ஆடிட் பண்ண வந்திருக்கறாருங்க."

எனக்கும் அதே சந்தேகம்தான். பையருக்கு டீ கொடுத்து ஆபீஸில் உட்கார வைத்தோம். அதற்குள் பீரோவில் பூட்டிக் கிடந்த மாஸ்க்குகள் எல்லார் மூக்கிலும் ஏறின. அவசர வழிக் கதவை மறைத்திருந்த துணி மூட்டைகள் மாடிக்குப் போயின.

பிறகுதான் பெட்டிக்குள் என்னவென்று கேட்டேன். சந்தோஷமாகத் திறந்தார்.

ஊதி வாசிக்கும் மரக்குழல். துண்டு துண்டாக இருந்ததைப் பூட்டி நிறுத்தினார். என்னைவிட உயரம். சாயங்காலம் கோவையில் நண்பர்களோடு வாசிக்கிறாராம். வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் மரம் வெடித்துவிடுமாம்.

ஊதியும் காட்டினார். தூரத்தில் லாரி உறுமுவது போல மெல்லிய அடிக்குரல்.

மேனேஜர் நம்பவேயில்லை. "இத்தாப்பெரிய கொழல்ல இத்தனூண்டு சத்தமாங்க? உள்ளுக்குள்ள மெஷின் இருக்குதுங்க."

கார் கேட்டைத் தாண்டியதும் மூட்டைகள் பழைய இடத்துக்கே இறங்கின.

பனியன் செக்கிங்கில் இருக்கும் தூத்துக்குடி செல்வியக்கா மாஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "தெனமும் அவர வந்து ஊதச் சொல்லுங்க தம்பி. கதவாவது தொறந்து கெடக்கும்லா."

பையரின் செல் நம்பர் என்னிடம் இருக்கிறது. உங்கள் கம்பெனிக்கும் அனுப்பட்டுமா?