எல்பேயின் இந்தக் கரையில்: வெண்டர்களின் வட்டக் கிராமம்

வட ஜெர்மனியின் வெண்ட்லாந்துக்குப் போக நினைப்பவர்களுக்கு மூன்று விடயங்கள்:

1. எல்பே ஆற்றைப் பண்டைய ஸ்லாவியரின் மேற்கு எல்லையாகக் காட்டும் வரைபடங்களை நம்பாதீர்கள்.
2. அங்குள்ள வட்டக் கிராமங்கள், அயலவருக்குப் பயந்து கட்டிய கோட்டைகள்.
3. எப்படிப் போவது.

நான் போனது 1987 வைகாசியில். மேற்கு ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் அகதி விண்ணப்பத்துக்கு, அதாவது 'அன்ட்ராக்'குக்கு, முடிவு வராமல் காத்திருந்த காலம். ஊரில் வரலாறு படிப்பித்தவன் என்பதால் நகர நூலகமே கதி. அங்கே ஒரு நிலப்பட நூலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஐரோப்பாவைக் கண்டேன். எல்பேக்குக் கிழக்கே ஸ்லாவியர் பச்சை, மேற்கே சாக்சனியர் மஞ்சள், நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. இரண்டு சனங்களுக்கிடையில் இவ்வளவு துப்புரவாகக் கோடு கீறுகிறவரை நான் நம்புவதில்லை. சாதாரண வீதிப் படத்தில் பார்த்தால், மேற்குக் கரையிலும் வெண்டர் என்ற ஸ்லாவிய மக்கள் விட்டுப்போன ஊர்ப்பெயர்கள் நிறைய இருந்தன. நேரில் பார்த்து, அந்த ஊர்களைப் படத்தில் புள்ளி வைத்துக் குறிக்க ஆசைப்பட்டேன்.

ஆனால் நகரத்தைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. போகுமிடமோ கிழக்கு ஜெர்மனியின் எல்லை வேலிக்குப் பக்கத்தில். வரைபடத்தோடு பிடிபட்டால் யார் என் கதையை நம்புவார்கள்?

வதிவிட அனுமதி கிடைத்திருந்த நண்பர் சிவம்தான் காரோட்டினார். போக நானூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். போய்வரப் பெற்றோலுக்கு எழுபது மார்க். வழி முழுக்க ஏச்சு.

"மாஸ்டர், ஆயிரம் வருசத்துக்கு முன்னம் செத்தவன்ர எல்லையைப் பார்க்கப் போய் உங்கட அன்ட்ராக்கைக் குழப்பப் போறியள்."

அவர் சொல்வது சரியென்றே எனக்கும் பட்டது. பேச்சை மாற்ற, வட்டக் கிராமக் கோட்டைகளைப் பற்றி விளக்கினேன்.

லூஷோ பட்டணத்தைத் தாண்டி ஒரு சிற்றூர். சிவம் வெளிவீதியில் காரிலேயே இருந்துவிட்டார். ஊருக்குள் போக ஒரே வழி. உள்ளே குதிரைலாடம் போல வீடுகள், எல்லா முகப்பும் நடுத்திடலை நோக்கி. படத்தை விரித்தேன். ஒரு சன்னல் திரை அசைந்தது. ஏப்ரன் கட்டிய வயதான பெண் வெளியே வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பொலிசுக்குச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்து முடியவில்லை, எல்லைக் காவல் வண்டி ஒன்று ஊர் வாசலை அடைத்தபடி வந்து நின்றது.

அந்தப் பெண் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் சட்டைக் கையைப் பிடித்துக் களஞ்சியத்துக்குள் கூட்டிப்போய், மறுகோடியில் இருந்த கதவைத் திறந்தார். வெளியே ஆப்பிள் மரங்கள், அப்பால் வயல். வேலியே இல்லை. ஒரு வண்டிப்பாதை வீதிக்குப் போனது. அவர்கள் தினமும் தன்னிடம் காப்பி குடிக்க வருகிறவர்கள், அரைமணி நேரம் எழும்பமாட்டார்கள் என்று மெதுவான ஜெர்மனில் சொன்னார்.

சிவம் என்னைக் கண்டு திகைத்தார். "முன்னால போனியள், எங்கால வாறியள்?"

"பின்பக்கத்தால."

"கோட்டைக்குப் பின்கதவோ, மாஸ்டர்?"

அந்தப் பயணத்தால் என் விண்ணப்பத்துக்கு ஒரு கேடும் வரவில்லை.

இப்போது போகிறவர்கள் ஊல்சன் வரை ரயிலில் போய்ப் பேருந்து எடுக்கலாம். ஞாயிறில் பேருந்து குறைவு, கார் உத்தமம். திடல் பொது, வீட்டு வளவுகள் தனியார் சொத்து, கேட்டுவிட்டு நுழையுங்கள்.

மேலே எழுதிய இரண்டாவது விடயம் பிழை. பிறகு தேடிப் படித்ததில், அந்த வடிவம் கோட்டைக்காக அல்ல, ஜெர்மன் பிரபுக்கள் வெண்டர்களைக் குடியமர்த்திய காலத்தது என்கிறார்கள். படிக்காமலே தெரிந்திருக்க வேண்டும்: அங்கே வீட்டுக்கு வீடு பின்பக்கம் வயலுக்குத் திறந்து கிடந்தது. அந்த ஊரில் அயலவருக்குப் பயந்து நின்றவன் நான் ஒருவன்தான்.