வினிகர் ஊத்துற வேலை

வினிகர்தாங்க. தமாஷுக்குச் சொல்லல. ஊர்ல இருக்கிற அழகான கப்பு, தட்டு, கிண்ணம் எல்லாத்துலயும் வினிகர் கலந்த தண்ணிய ரொப்பி, ஒரு முழு நாள் மூடி வெக்கிறதுதான் என் தொழில். பளபளப்புலயும் வர்ணத்துலயும் ஈயம், காட்மியம்னு ஏதாவது விஷ உலோகம் இருந்து, சூளைல சரியா வேகலன்னா, புளிப்பு பட்டதும் இறங்கிடும். இறங்குச்சான்னு அந்தத் தண்ணிய மிஷின்ல விட்டுப் பார்ப்போம். மராட்டிக்காரங்க ஊர்ல, கோந்த்வாங்கிற ஏரியால எங்க லேப். நைட் ஸ்கூல்ல படிச்சுட்டு இதுக்குள்ள வந்தேன். இப்ப கல்யாண வீட்டுல சோறு விழறதுக்கு முன்னாடி தட்டைத் திருப்பிப் பார்க்கிற வியாதி ஒட்டிக்கிச்சு. உங்க வேலையும் உங்களுக்கு ஏதாவது ஒண்ண ஒட்ட வெச்சிருக்கும், புரியும்.

ஆரஞ்சு கப்பு

பாணேர் ஏரியால ரேகாதாயின்னு ஒருத்தங்க. தாயின்னா மராட்டில அக்கா. வீட்டு மாடில சூளை வெச்சு கப்பு செய்யறாங்க. புதுசா திறக்கப்போற ஹோட்டல் ஒண்ணு சோல்கடி குடுக்க கப்பு கேட்டிருந்தது. கோகம்ங்கிற பழம் போட்ட பானம், நல்ல புளிப்பு. அவங்களுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். லேப்ல பாஸ் ஆகாம எடுக்க மாட்டேன்னுட்டார் ஹோட்டல்காரர்.

உள்ளேயும் வெளியேயும் அப்படி ஒரு ஆரஞ்சு. எங்க லேப் மேடமே நின்னு பார்த்தாங்க. காட்மியம் இறங்கிடுச்சு, ஃபெயில். வழக்கமா ஜனங்க மிஷினைத் திட்டுவாங்க, இல்லன்னா என்னை. இவங்க கப்புக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் ஹிந்தில கேட்டாங்க. இங்க தெற்கத்தி ஆளுன்னா எல்லாருக்கும் அண்ணாதான்.

"உள்பக்கத்துல இருந்துதானே இறங்குச்சு, அண்ணா? அப்ப ஆரஞ்சை வெளிய வெச்சுக்கறேன்."

ஊறுகாய் ஜாடி

அந்த வாரமே வானவடில இருந்து மங்களம் அக்கா வந்தாங்க. நம்ம ஊர்க்காரங்க, வீட்டுக்காரர் மிலிட்டரில ரிடையர் ஆனவர். கைல நீலப் பூ போட்ட ஜாடி. எலுமிச்சங்கா ஊறுகா போட்டுப் போட்டு உள்பக்கம் மினுமினுப்பு செத்துப் போயிருந்தது. டெஸ்ட்ல ஈயம். அடில 'அலங்காரத்துக்கு மட்டும்'னு ஸ்டிக்கர் இருந்துச்சாம். பார்க்க அசிங்கமா இருக்குன்னு வாங்கின அன்னிக்கே வெந்நீர்ல ஊற வெச்சு உரிச்சுட்டாங்களாம்.

நான் சிரிக்கல. ஊறுகா யாருக்கெல்லாம் போச்சுன்னு கேட்டேன். பாதி பில்டிங்குக்குப் போயிருக்கு. குழந்தைங்க இருக்கிற வீட்டுல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கன்னேன். வெளிய சொல்ல மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். மறுநாள் போன். டப்பாவும் கையுமா வீடு வீடா ஏறி, விஷயத்தைச் சொல்லி, எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டாங்களாம்.

"குடுத்த ஊறுகாயைத் திருப்பிக் கேட்டவள்னு பேரு வந்தா வரட்டும் தம்பி, ஈயத்தை ஊட்டினவள்னு வரக்கூடாது."

உதடு படற இடம்

ரேகாதாயி மறுபடி வந்தாங்க. உள்ளே வெள்ளை, வெளியே விளிம்பு வரைக்கும் ஆரஞ்சு. உள்பக்கம் பாஸ். ஆனா குடிக்கிற கப்புன்னா அதைக் கவுத்து வெளி விளிம்பையும் வினிகர்ல நனைப்போம். அங்க மறுபடி ஃபெயில். ஹோட்டல் திறக்கிற நாள் கிட்ட வந்துடுச்சு. ரிப்போர்ட்டை அவங்க முன்னாடி வெச்சேன்.

அவங்க ஒரு கப்பை எடுத்து குடிக்கிற மாதிரி வெச்சுப் பார்த்தாங்க. உதடு பட்ட இடத்துக்குக் கீழ விரல் நகத்தால ஒரு கோடு இழுத்தாங்க.

"உதட்டுக்கு வெள்ளை, கண்ணுக்கு ஆரஞ்சு. அவ்ளோதானே?"

ஓட்டை

அவ்ளோதான். மூணாவது தடவை பாஸ். அந்த வெள்ளைப் பட்டையை டிசைன்னு நினைச்சு ஹோட்டல்காரர் ரொம்ப மெச்சிக்கிட்டாராம். மீதி இருந்தது, ஃபெயில் ஆன கப்பு ஒரு மாடி நிறைய. குடுங்க, நான் வித்துத் தர்றேன்னு பக்கத்துக் கடைக்காரர் நிக்கிறாராம். அலங்காரத்துக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டா போதுமான்னு கேட்டாங்க. நான் பேரைச் சொல்லாம அந்த வெந்நீர் கதையைச் சொன்னேன்.

அடுத்த தடவை எனக்குன்னு ஒரு ஆரஞ்சு கப்பு கொண்டு வந்தாங்க. அடில ஓட்டை. எல்லாக் கப்புலயும் உட்கார்ந்து டிரில் போட்டிருக்காங்க. செடி வெக்கத்தான் ஆகும்.

"ஓட்டையை யாரும் வெந்நீர்ல ஊற வெச்சு உரிக்க முடியாது, அண்ணா."

ஆக, நான் ஃபெயில் பண்ணதுலயே ரொம்ப அழகான கப்புல இப்ப மணி பிளாண்ட் வளருது, நான் அதைப் பார்த்துக்கிட்டே ஸ்டீல் டம்ளர்ல டீ குடிக்கறேன்.

இருங்க, மேடம் கூப்பிடறாங்க. யாரோ தங்க பார்டர் போட்ட டின்னர் செட்டோட வந்திருக்காங்களாம். வரேங்க.